எபிசோட் 41: கன்ட்ரின்னு யார் சொன்னது?

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னதையும் இருமலையும் எடுத்துவிட்டேன். சில வாக்கியங்களைச் சரிசெய்திருக்கிறேன். மற்றபடி பேசியது பேசியபடியே.)

இன்னைக்கு அமெரிக்காவோட கன்ட்ரி இசையைப் பத்திப் பேசப் போறோம். தொப்பி, குதிரை, கிட்டார், பிக்கப் டிரக் என்று உங்க மனசுல ஓடுற படம் எனக்குத் தெரியும். எனக்கும் ரொம்ப நாள் அதுதான் ஓடிச்சு. ஆனா நான் இந்த இசைக்குள்ள போனது ஒரு ஃபோல்டர் வழியா.

இன்ஜினியரிங் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். ஒரு பாட்டைக் கொடுத்தா அது என்ன ஜானர் என்று கம்ப்யூட்டரே சொல்லணும். மெஷின் லேர்னிங் பக்கம் ஒதுங்கின நிறைய பேர் இந்த ப்ராஜெக்ட்டைச் செஞ்சிருப்பீங்க, ஏன்னா டேட்டா ரெடிமேடா கிடைக்கும். ஜிடிசான் என்று ஒரு டேட்டாசெட். 2002-ல ஜார்ஜ் ட்ஸானெடாகிஸும் பெரி குக்கும் எழுதின ஆய்வுக் கட்டுரையோட பிரபலமானது. 10 ஜானர், ஒவ்வொண்ணுக்கும் 100 துண்டு, ஒரு துண்டு 30 விநாடி. ப்ளூஸ், ஜாஸ், ராக், டிஸ்கோ, ரெகே, ஹிப்ஹாப் என்று பத்து ஃபோல்டர். அதில் ஒன்று கன்ட்ரி.

எங்க மாடல் கிளாசிக்கலை டக்குனு கண்டுபிடிச்சிடும், மெட்டலையும்தான். கன்ட்ரிகிட்ட வந்தா தடுமாறும். ஒரு பாட்டை ராக் என்று சொல்லும், இன்னொன்றை ப்ளூஸ் என்று சொல்லும். ராத்திரி பூரா உட்கார்ந்து என்னென்னமோ மாத்திப் பார்த்தோம், திருந்தவே இல்லை. வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் மேடம் எங்க ரிசல்ட்டைப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "மாடல் தப்பு பண்ணுதுன்னு சொல்றீங்க. சரி, இது கன்ட்ரின்னு முதல்ல யார் சொன்னது?"

"டேட்டாசெட்லயே இருக்கு மேடம்" என்றேன். ரிப்போர்ட்ல அதுக்குக் கெத்தா ஒரு பேர் வேற போட்டிருந்தோம், கிரவுண்ட் ட்ரூத் என்று. மேடம் சிரிச்சுட்டு அடுத்த பேட்ச்சைக் கூப்பிட்டாங்க. மார்க் நல்லாவே வந்தது, அதுல குறை இல்லை.

அப்புறம்தான் படிச்சேன். பாப் ஸ்டர்ம் என்ற ஆய்வாளர் 2013-லேயே அந்த ஆயிரம் துண்டுகளையும் அக்குவேறு ஆணிவேறா அலசி வெச்சிருக்கார். ஒரே பாட்டு ரெண்டு தடவை இருக்கு, தப்பான ஃபோல்டர்ல கிடக்கிற பாட்டு இருக்கு. ரெகே ஃபோல்டர்ல மூணுல ஒரு பங்கு பாப் மார்லி. கன்ட்ரி ஃபோல்டரைத் திறந்தா வில்லி நெல்சன், வின்ஸ் கில் என்று அதே சில குரல்கள் திரும்பத் திரும்ப. எங்க மாடல் கத்துக்கிட்டது ஒரு இசையையா, நாலு ஆம்பளைங்களோட தொண்டையையா என்று எனக்கு இன்னைக்கு வரைக்கும் சந்தேகம்தான்.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, எங்க வைவா நடந்தது 2019 ஏப்ரல்ல. சரியா அதே சமயத்துல அமெரிக்காவுல மொத்த இசைத்துறையும் அந்த மேடம் கேட்ட கேள்வியை வெச்சுத்தான் அடிச்சுக்கிட்டு இருந்தது.

லில் நாஸ் எக்ஸ். அட்லான்டா பக்கத்துப் பையன், அப்போ வயசு 19. இணையத்துல 30 டாலர் கொடுத்து ஒரு பீட் வாங்குறான். அதைச் செஞ்சது நெதர்லாந்துல இருந்த யங்கியோ என்ற இன்னொரு சின்னப் பையன். அந்த பீட்டுக்குள்ள ஒரு பாஞ்சோ சத்தம் வரும். அது எங்கிருந்து வந்ததுன்னா, நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழு 2008-ல வெளியிட்ட ஒரு வாத்திய இசைத் துண்டிலிருந்து. அதாவது ராக்காரங்க வாசிச்ச பாஞ்சோவை, ஒரு டச்சுப் பையன் வெட்டி எடுத்து, அதுக்கு மேல ஹிப்ஹாப் டிரம்ஸ் போட, ஒரு கறுப்பினப் பையன் குதிரையைப் பத்திப் பாடுறான். 'ஓல்ட் டவுன் ரோடு' 2018 டிசம்பர்ல வந்தது. டிக்டாக்ல பத்திக்கிச்சு.

இங்க ஒரு டெக்னிக்கல் விஷயம். சவுண்ட்க்ளவுட், ஐட்யூன்ஸ் மாதிரி இடங்கள்ல பாட்டு ஏத்தும்போது ஜானர் என்ற கட்டத்தை நிரப்பணும். அவன் 'கன்ட்ரி' என்று போட்டான். ஹிப்ஹாப் பட்டியல்ல கூட்டம் ஜாஸ்தி, கன்ட்ரியில போட்டா மேல வரலாம் என்ற கணக்கும் இருந்திருக்கலாம். நான் அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். கட்டாயம் நிரப்பு என்று ஒரு கட்டம் வெச்சா, மனுஷன் தனக்கு லாபமானதைத்தான் நிரப்புவான். ஆஃபீஸ்ல டிக்கெட் போடும்போது நாம பிரையாரிட்டி கட்டத்துல என்ன போடுறோம் என்று யோசிச்சுப் பாருங்க.

2019 மார்ச்ல அந்தப் பாட்டு பில்போர்டோட மூணு பட்டியல்ல ஒரே நேரத்துல நுழைஞ்சது. எல்லா வகைப் பாட்டும் சேர்ந்த ஹாட் 100, ஆர் அண்ட் பி - ஹிப்ஹாப் பட்டியல், கன்ட்ரி பட்டியல். கன்ட்ரியில 19-வது இடம். அடுத்த வாரம் பார்த்தா கன்ட்ரி பட்டியல்ல மட்டும் காணோம். அறிவிப்பு கிடையாது, சத்தமில்லாம தூக்கிட்டாங்க. பத்திரிகைக்காரங்க கேட்டதும் பில்போர்டு சொன்ன விளக்கத்தோட சாரம் இதுதான்: கவ்பாய் சமாச்சாரங்கள் பாட்டுல இருக்கு, ஆனா இன்றைய கன்ட்ரி இசையோட கூறுகள் போதுமான அளவு இல்லை. இனத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொன்னாங்க.

'இன்றைய கன்ட்ரி இசையோட கூறுகள்.' இதைக் கேட்டதும் எனக்குள்ள இருந்த ப்ராஜெக்ட் ஸ்டூடன்ட் முழிச்சுக்கிட்டான். சரி, இன்றைய கன்ட்ரி ஃபோல்டர்ல என்னதான் இருக்கு, திறந்து பார்ப்போம்.

2011-ல ஜேசன் ஆல்டீன் 'டர்ட் ரோடு ஆந்தம்' பாடினார். சரணத்துல அவர் பண்றது அப்பட்டமான ராப். கன்ட்ரி பட்டியல்ல முதலிடம். அடுத்து ஃப்ளோரிடா ஜார்ஜியா லைன் என்ற இரட்டையர். அவங்களோட 'க்ரூஸ்' பாட்டுக்கு 2013-ல ராப்பர் நெல்லியைக் கூப்பிட்டு ஒரு ரீமிக்ஸ் போட்டாங்க. அந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியல்ல 24 வாரம் முதலிடத்துல இருந்தது. அப்புறம் அதே இரட்டையர் பாப் பாடகி பீபி ரெக்ஸாவோட சேர்ந்து பாடின 'மென்ட் டு பீ'. பியானோ, சொடுக்கு, பாப் மெட்டு. தயவுசெஞ்சு கேட்டுப் பாருங்க, அதுல கன்ட்ரி எங்க ஒளிஞ்சிருக்குன்னு யாராவது கண்டுபிடிச்சா எனக்கு மெயில் போடுங்க. 2017 கடைசியில ஆரம்பிச்சு மொத்தம் 50 வாரம் முதலிடம். அது இறங்கி நாலைஞ்சு மாசம்தான் ஆகியிருக்கும், பாஞ்சோவும் குதிரையும் வெச்சிருந்த 'ஓல்ட் டவுன் ரோட்'டை வெளியே அனுப்புறாங்க.

அந்தப் பையன் அழல. கன்ட்ரி பாடகர் பில்லி ரே சைரஸைக் கூப்பிட்டு ஏப்ரல் 5-ம் தேதி ஒரு ரீமிக்ஸ் விட்டான். ஹாட் 100-ல 19 வாரம் முதலிடம். அதுவரைக்கும் சாதனை 16 வாரம்தான். அந்த வருஷக் கடைசியில கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன், அதாவது சிஎம்ஏ, ஒரு விருதும் கொடுத்தது. ஆனா கன்ட்ரி பட்டியல்ல அதைத் திரும்பச் சேர்க்கவே இல்லை.

இது ஏதோ 2019-ல யாரோ ஒரு எடிட்டர் பண்ணின தப்பு இல்லை. அந்த ஃபோல்டரே எப்படி உருவாச்சுன்னு பார்த்தா புரியும்.

1920-ல ஓகே என்ற ரெக்கார்டு கம்பெனி மேமி ஸ்மித் பாடின 'க்ரேஸி ப்ளூஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. சக்கைப்போடு போட்டது. கறுப்பின மக்கள் இசைத்தட்டு வாங்குவாங்க என்று கம்பெனிகளுக்கு அப்போதான் உறைச்சது. உடனே 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனி வரிசை. 1923-ல அதே ஓகே கம்பெனியோட ரால்ஃப் பியர் அட்லான்டாவுக்குப் போய் ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற வெள்ளைக்கார ஃபிடில்காரரைப் பதிவு பண்றார். அதுவும் விற்றது. அதுக்கு வேற வரிசை. கொஞ்ச நாள்ல அதுக்கு 'ஹில்பில்லி' என்று பேர் வந்தது, நம்ம பாஷையில பட்டிக்காட்டான் என்று வெச்சுக்கோங்க. அதே தென்மாநிலங்கள், அதே ஏழைங்க, சில நேரம் அதே பாட்டு. பாடினவரோட தோல் என்ன நிறமோ அதைப் பொறுத்து கேட்லாக் மாறும். ரெண்டு வரிசையையும் வளர்த்தவர் ஒரே ஆள், இந்த ரால்ஃப் பியர்தான். 1949-ல பில்போர்டு பத்திரிகை 'ரேஸ்' என்பதை 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாற்றியது. அதே சமயத்துல இந்தப் பக்கம் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்ற பேரும் வந்தது. பேர் கௌரவமாச்சு, நடுவுல இருந்த சுவர் அப்படியே இருந்தது.

சத்தம் மட்டும் அந்தச் சுவரை மதிக்கவே இல்லை. பாஞ்சோ என்ற வாத்தியத்தோட மூலமே அடிமைகளா கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள். கன்ட்ரியோட முதல் குடும்பம் என்று சொல்லப்படுற கார்ட்டர் குடும்பத்தோட ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊரா பாட்டு சேகரிக்கப் போகும்போது கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர். மெட்டுகளை மனசுல பிடிச்சுக்கிட்டு வர்றது அவர் வேலை. அலபாமாவில சின்னப் பையனா இருந்த ஹேங்க் வில்லியம்ஸுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன், தெருவுல வாசிக்கிற கறுப்பினக் கலைஞர். கன்ட்ரியோட தந்தை என்று அழைக்கப்படுற ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930-ல ஒரு பாட்டுப் பதிவு பண்ணும்போது டிரம்பெட் வாசிச்சது யார் தெரியுமா? லூயி ஆம்ஸ்ட்ராங்.

நாஷ்வில்லோட கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற வானொலி நிகழ்ச்சிதான் கன்ட்ரிக்குக் கோயில் மாதிரி. அதோட ஆரம்ப கால நட்சத்திரங்கள்ல ஒருத்தர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின ஹார்மோனிகா கலைஞர். ரயில் ஓடுற சத்தத்தை அப்படியே ஊதுவார். 1941-ல அவரை அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் அவர் ஷூ பாலிஷ் போடுற கடை நடத்திப் பிழைச்சார். 1982-ல இறந்தார். கன்ட்ரி ஹால் ஆஃப் ஃபேம்ல அவரைச் சேர்த்தது 2005-ல.

சார்லி ப்ரைடு கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். 1966-ல அவரோட முதல் இசைத்தட்டை ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பும்போது கம்பெனி அவர் போட்டோவை வைக்கல. முதல்ல பாட்டைக் கேட்கட்டும், அப்புறம் முகத்தைப் பார்க்கட்டும் என்ற ஏற்பாடு. இதை எங்க ப்ராஜெக்ட் பாஷையில சொன்னா, ஆடியோவை மட்டும் இன்புட்டா கொடுத்திருக்காங்க. மாடல் கரெக்டா 'கன்ட்ரி' என்று சொல்லிடுச்சு. 1971-ல சிஎம்ஏவோட மிகப் பெரிய விருது அவருக்கு.

இதுவரைக்கும் சொன்னது தோல் நிறம். ஆனா அந்த ஃபோல்டர்லேருந்து வெளியே தள்ள அது மட்டும்தான் காரணம் என்று நினைச்சா, 2003 புரியாம போயிடும். எனக்கு இந்த மொத்தக் கதையிலயும் அதிகமா உறுத்துறது அதுதான்.

டிக்ஸி சிக்ஸ். டெக்ஸாஸ்ல ஆரம்பிச்ச குழு, மூணு பெண்கள். 1998, 1999-ல வந்த அவங்களோட ரெண்டு ஆல்பமும் அமெரிக்காவுல தலா ஒரு கோடிப் பிரதி என்ற எல்லையைத் தொட்டவை. 2002-ல வந்த 'ஹோம்' ஆல்பத்துல இன்னும் பழமைக்குப் போனாங்க. பாஞ்சோ, ஃபிடில், மாண்டலின், டிரம்ஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ரேடியோவுல ஓடின மத்த எதையும் விட அதுதான் கன்ட்ரி. எங்க மாடல் கூட அதைக் கண்டுபிடிச்சிருக்கும்.

2003 மார்ச் 10, லண்டன்ல கச்சேரி. ஈராக் மேல படையெடுப்பு தொடங்க பத்து நாள் இருக்கு. மேடையில நேட்டலி மெய்ன்ஸ் பேசும்போது, இந்தப் போர் எங்களுக்கு வேண்டாம், அதிபர் டெக்ஸாஸ்காரர் என்பதில் வெட்கப்படுறோம் என்ற அர்த்தத்துல ஒரு வாக்கியம் சொல்றார். கைதட்டல். அடுத்த பாட்டு. அது அங்கேயே முடிஞ்சிருக்கணும். ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை விமர்சனத்துல அந்த வரி வந்தது, அமெரிக்காவுக்குப் போனது.

அப்போ கன்ட்ரி பட்டியல்ல முதலிடத்துல இருந்தது அவங்களோட 'ட்ராவலின் சோல்ஜர்' பாட்டு. அது போருக்குப் போய்த் திரும்பி வராத ஒரு சிப்பாயோட கதை. யோசிச்சுப் பாருங்க, சிப்பாய்க்காக அழுற பாட்டை, சிப்பாய்க்கு எதிரானவங்க என்று சொல்லி நிறுத்தினாங்க. ரேடியோ நிலையங்கள் கைவிட்டதும் பாட்டு சரசரன்னு இறங்கிச்சு. லூசியானாவுல குறுந்தகடுகளைக் குவிச்சு வெச்சு டிராக்டர் ஏத்தினாங்க. டல்லாஸ் கச்சேரிக்கு முன்னாடி நேட்டலிக்குக் கொலை மிரட்டல் வந்தது. அந்தக் கச்சேரியை ரத்து பண்ணல. போலீஸ் பாதுகாப்போட பாடினாங்க.

இதுல ரேடியோவோட வேலை என்ன? நாடு பூரா கோபம், அதனால ஒவ்வொரு நிலையமும் தானா நிறுத்திச்சு என்று ஒரு கதை உண்டு. பாதிதான் உண்மை. 1996-ல ஒரு தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. ஒரே கம்பெனி எத்தனை ரேடியோ நிலையம் வெச்சுக்கலாம் என்ற தேசிய வரம்பை அது எடுத்துடுச்சு. அதுக்கப்புறம் கிளியர் சேனல் ஒரு கம்பெனியே 1200-க்கு மேல நிலையங்களை வாங்கிப் போட்டது. டிக்ஸி சிக்ஸ் தடைக்குப் பலரும் கிளியர் சேனலைத்தான் திட்டுவாங்க. ஆனா தலைமை அலுவலகத்திலிருந்தே தன் கன்ட்ரி நிலையங்களுக்கு நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது க்யூமுலஸ் என்ற இன்னொரு கம்பெனி. ஜூலை மாசம் செனட் குழு முன்னாடி க்யூமுலஸ் தலைவரை உட்கார வெச்சு ஜான் மெக்கெயின் கேள்வி கேட்டார். மெக்கெயின் ரிபப்ளிகன் கட்சிக்காரர், ஈராக் போரை ஆதரிச்சவர். அவருக்கே அது பொறுக்கல.

2006-ல அவங்க ஒரு ஆல்பம் போட்டாங்க, மன்னிப்புக் கேட்க மாட்டோம் என்று. 2007 கிராமியில அஞ்சு விருது. அதுல ஒன்று சிறந்த கன்ட்ரி ஆல்பம். கன்ட்ரி ரேடியோ அதைத் தொடல. ஒரே ஆல்பம், கிராமிக்குக் கன்ட்ரி, ரேடியோவுக்குக் கன்ட்ரி இல்லை. பாஞ்சோ இருந்தும் வெளியே, நெல்லி இருந்தும் உள்ளே. இப்போ சொல்லுங்க, அந்த லேபிள் எதை அளக்குது?

என் கருத்து இது. கன்ட்ரி என்ற சொல் சத்தத்தைக் குறிக்கிறதை விட, 'நம்மாளு' யார் என்பதைத்தான் குறிக்குது. அதனாலதான் அங்க ஜானர் சண்டை எல்லாம் அரசியல் சண்டையா மாறுது, அரசியல் சண்டை எல்லாம் 'இதெல்லாம் கன்ட்ரியே இல்லை' என்று முடியுது. வேற ஜானர்லயும் இது உண்டு. ஆனா கன்ட்ரியில ரேடியோ நிலையம்தான் கதவு என்பதால, கதவைச் சாத்தினா சத்தம் நல்லாக் கேட்டது.

ஒரு நியாயத்தையும் சொல்லிடறேன். ரேடியோவுல நிகழ்ச்சி நடத்துறவருக்குத் தன் ஊர் மக்கள் எதைக் கேட்டா ஸ்டேஷன் மாத்துவாங்க என்று தெரியும், அது அவர் பிழைப்பு. ஃபோல்டரே வேண்டாம் என்று சொல்றவங்க ஒரு லட்சம் பாட்டுள்ள ஆப்ல சர்ச் இல்லாம ஒரு பாட்டைத் தேடிப் பார்க்கட்டும். லேபிள் வேணும்தான். அதை யாரோ போடுறாங்க என்பதை மறைக்கிறதுதான் பிரச்சினை.

சரி, கதவு எப்போ ஆட ஆரம்பிச்சது? 2012 அக்டோபர். அதுவரை பில்போர்டோட கன்ட்ரி பட்டியல் கன்ட்ரி ரேடியோ என்ன ஒலிபரப்புதோ அதை மட்டும் எண்ணிச்சு. அந்த மாசத்துலேருந்து டிஜிட்டல் விற்பனை, ஸ்ட்ரீமிங், மத்த ரேடியோக்கள் எல்லாத்தையும் சேர்த்தாங்க. ஒரு ஃபார்முலா மாற்றம், அவ்வளவுதான். ஆனா அதுக்கப்புறம் ஒரு பாப் ரேடியோ கூட ஒரு கன்ட்ரி பாட்டை மேலே தள்ள முடியும். 'க்ரூஸ்' 24 வாரம் ஓடினதுக்கு இதுவும் ஒரு காரணம். ஜானர் கலந்ததுன்னு எல்லாரும் கலைஞர்களைப் பார்த்துப் பேசுறோம், பாதிக் கலப்பு எக்செல் ஷீட்ல நடந்தது.

இதோட அரசியல் விளைவு 2021-ல தெரிஞ்சது. மார்கன் வாலன் ஒரு இனவெறிச் சொல்லைச் சொல்ற வீடியோ வெளியே வந்தது. ரேடியோக்கள் உடனே நிறுத்தின. அதே க்யூமுலஸ் உட்பட. விருது விழாக்காரங்க ஒதுக்கினாங்க. 2003-ல டிக்ஸி சிக்ஸுக்கு நடந்த அதே தண்டனை. ஆனா ஆல்பம் விற்பனை ஏறிச்சு! பில்போர்டு ஆல்பம் பட்டியல்ல முதல் பத்து வாரமும் அவர்தான் முதலிடம். சில மாசத்துல ரேடியோவும் தானா திரும்பி வந்துடுச்சு. கதவைச் சாத்தினாங்க, ஜன்னல் திறந்தே இருந்தது. போர் வேண்டாம் என்று சொன்னவங்களுக்கு ஜன்னல் இல்லாத காலம் அமைஞ்சது, இவருக்கு ஜன்னல் இருக்கிற காலம். இதுல எனக்கு வருத்தம் உண்டு, ஆனா கம்பெனி சொல்லி ஒரு பாட்டு செத்துப் போற நிலைமை போனதுல சந்தோஷமும் உண்டு. ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

2023 ஜூலை. ஜேசன் ஆல்டீன், மேலே சொன்ன அதே ராப் பாட்டுக்காரர், 'ட்ரை தட் இன் எ ஸ்மால் டவுன்' பாட்டுக்கு வீடியோ விட்டார். பெரிய நகரத்து அட்டூழியமெல்லாம் எங்க சின்ன ஊர்ல செல்லாது என்பது பாட்டோட சாரம். பாட்டை எழுதினவர் அவர் இல்லை. வீடியோ எடுத்த இடம் டென்னஸி மாநிலத்துல கொலம்பியா என்ற ஊரோட நீதிமன்றக் கட்டடம். 1927-ல ஹென்றி சோட் என்ற 18 வயசுக் கறுப்பினப் பையனை ஒரு கும்பல் தூக்கில் தொங்கவிட்டது அங்கதான். சிஎம்டி என்ற கன்ட்ரி டிவி சேனல் வீடியோவை எடுத்துடுச்சு. பாட்டுல இனத்தைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்லை என்று ஆல்டீன் மறுத்தார். சண்டை பெருசாகப் பெருசாக, ஆதரவாளர்கள் பாட்டைக் காசு கொடுத்து டவுன்லோட் பண்ணினாங்க. 2023-ல யாருங்க பாட்டைக் காசு கொடுத்து வாங்குறா? அது வாங்குறது இல்லை, ஓட்டு. ஹாட் 100-ல முதலிடம் வந்தது.

அந்த வாரப் பட்டியலைப் பாருங்க. முதல் இடம் ஆல்டீன். இரண்டாவது மார்கன் வாலன். மூணாவது, லூக் கோம்ப்ஸ் பாடின 'ஃபாஸ்ட் கார்', ட்ரேசி சாப்மன் என்ற கறுப்பினப் பெண் 1988-ல எழுதிப் பாடின பாட்டு. ஹாட் 100-ல முதல் மூணு இடமும் கன்ட்ரிக்கு வந்தது வரலாற்றுல அதுதான் முதல் தடவை. சாப்மன் பாடினப்போ அதுக்குக் கன்ட்ரி என்ற லேபிள் இல்லை. 35 வருஷம் கழிச்சு கோம்ப்ஸ் கிட்டத்தட்ட அப்படியே பாடினப்போ கன்ட்ரி. நல்ல வேளையா, சிஎம்ஏவோட அந்த வருஷச் சிறந்த பாட்டு விருது எழுதினவருக்குத்தான் போச்சு. அந்த விருதை வாங்கின முதல் கறுப்பினப் பாடலாசிரியர் சாப்மன்.

மூணே வாரத்துல ஆலிவர் ஆன்டனி. வர்ஜீனியாவுல காட்டுக்குள்ள நின்னு ஒரு கிட்டாரோட பாடினவர், அதுக்கு முன்னாடி எந்தப் பட்டியல்லயும் இல்லாதவர், நேரா முதலிடம். ரிபப்ளிகன் கட்சியோட வேட்பாளர் விவாதத்துல முதல் கேள்வியே அந்தப் பாட்டை வெச்சுத்தான் கேட்டாங்க. அவர் ஒரு வீடியோவுல சிரிச்சுட்டே சொன்னார், அந்த மேடையில நின்ன ஆட்களைப் பத்தித்தான் நான் பாட்டே எழுதினேன் என்று. லேபிள் ஒட்ட வந்த கையைத் தட்டிவிட்டதுல எனக்குப் பிடிச்ச சம்பவம் இது.

கடைசியா பியான்ஸே. 2016 சிஎம்ஏ விழாவுல அவர் வந்து 'டாடி லெசன்ஸ்' பாடினார். கூடப் பாடினது யார்? அதே டிக்ஸி சிக்ஸ். வெளியே தள்ளப்பட்ட ரெண்டு தரப்பும் ஒரே மேடையில. இணையத்துல வந்த திட்டுகளை இங்க படிக்க மாட்டேன். 2024-ல 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பம். அதிலிருந்து 'டெக்ஸாஸ் ஹோல்டெம்' கன்ட்ரி பட்டியல்ல முதலிடம், அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். அதுல பாஞ்சோ வாசிச்சது ரியானன் கிடன்ஸ், பாஞ்சோவோட ஆப்பிரிக்க மூலத்தைப் பத்தி வருஷக்கணக்கா பேசிட்டு வர்றவர். ஓக்லஹோமாவுல ஒரு ரேடியோ, நேயர் கேட்டதுக்கு நாங்க கன்ட்ரி ஸ்டேஷன், பியான்ஸே போட மாட்டோம் என்று பதில் அனுப்பி, அது வைரலாகி, அப்புறம் போட்டாங்க. அந்த வருஷ சிஎம்ஏவில ஒரு நாமினேஷன் கூட இல்லை. 2025 பிப்ரவரியில கிராமி அதே ஆல்பத்துக்குச் சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருது கொடுத்தது. சில மாசத்துல அந்தக் கேட்டகரியையே ரெண்டாப் பிரிச்சு, மரபுக் கன்ட்ரி, சமகாலக் கன்ட்ரி என்று ஆக்கிட்டாங்க. ஆளாளுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சது, ஃபோல்டர் ஒண்ணு கூடியிருக்கு.

அந்த ஆல்பத்துல ஒரு வயசான குரல் வரும். லிண்டா மார்ட்டெல். 1969-ல கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில தனியா பாடின முதல் கறுப்பினப் பெண். 1970-ல ஒரு ஆல்பம் போட்டார். அதை வெளியிட்ட கம்பெனியோட பேர் ப்ளான்டேஷன் ரெக்கார்ட்ஸ். அடிமைகள் வேலை செஞ்ச தோட்டத்துக்குச் சொல்ற அதே சொல், இசைத்தட்டோட நடுவுல, அவர் பேருக்கு மேல அச்சடிச்சிருக்கும். அதுதான் அவரோட ஒரே ஆல்பம். அப்புறம் நாஷ்வில்லை விட்டுட்டு, பின்னாடி சொந்த மாநிலத்துல ஸ்கூல் பஸ் ஓட்டினார்.

பியான்ஸே, ஷபூஸி இவங்களோட அவர் குரல் கொடுத்த 'ஸ்பகெட்டி' பாட்டுக்காக, 83 வயசுல லிண்டா மார்ட்டெலுக்கு வாழ்க்கையில முதல் கிராமி நாமினேஷன் வந்தது. கேட்டகரி, சிறந்த மெலடிக் ராப்.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.